கிண்டியில் ஒரு சண்டைக்காரன்

கிண்டி சிறுவர் பூங்காவுக்கு வருகிறவர்கள் கேட்பது மானைத்தான். “மானு அந்தப் பக்கம் சார்” என்று காவலாளி எனக்கும் கை காட்டினார். நான் போனது தேன்சிட்டைப் பார்க்க. 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவின் உட்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. பரவாயில்லை, தேன்சிட்டு ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சுகிற பறவை அல்ல. சர்தார் படேல் சாலையின் ஹாரன் சத்தத்தையும் மீறி அதன் கீச்சுக்குரல் காதில் விழுந்துவிடும்.

நம் ஊர்த் தேன்சிட்டைப் படமெடுத்து ஹம்மிங்பேர்ட் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டங்களின் பறவை. நம்முடையது சில நொடி அந்தரத்தில் நிற்கும், ஆனால் காம்பில் உட்கார்ந்து குடிக்கவே விரும்பும்.

செம்பருத்தியில் ஒரு ஊதாத் தேன்சிட்டு, ஆண். நிழலில் வெறும் கறுப்பு. வெயிலில் திரும்பினால் நீலமும் ஊதாவும் மின்னும். இனப்பெருக்கக் காலம் முடிந்தால் இந்தப் பகட்டெல்லாம் போய், பெண்ணைப் போல மங்கிவிடும். தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு கருங்கோடுதான் மிச்சம். பார்க்க அழகு, குணம் மட்டும் வேறு. மஞ்சள் வயிற்று ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்று பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், விரட்டியடித்துவிட்டது. பூவுக்குச் சொந்தக்காரன் போல!

திருட்டும் உண்டு. குழல் நீண்ட பூ என்றால் சில சமயம் அடியில் துளைபோட்டுத் தேனை உறிஞ்சிவிடும். பூவுக்கு மகரந்தச் சேர்க்கைப் பயன் கிடைக்காது. ஆனால் மாமரத்துப் புல்லுருவிப் பூக்களிடம் ஒழுங்காக நடந்துகொள்ளும். முகத்தில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

தேனை மட்டும் ஊட்டிக் குஞ்சை வளர்க்க முடியாது, புரதம் வேண்டும். அதனால் பூச்சியும் சிலந்தியும் வேட்டை. பாவம் சிலந்தி, அதன் வலையும் தப்புவதில்லை. நாரையும் சருகையும் அதைக்கொண்டு ஒட்டித்தான் பெண் பறவை தொங்கு கூடு கட்டும். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம். தூரத்தில் காற்றில் சிக்கிய குப்பை போலத் தெரியும். பெரும்பாலும் இரண்டு முட்டை.

வெளியே வரும்போது காவலாளியிடம் இதையெல்லாம் சொன்னேன். “எங்க வீட்டுத் துணிக்கொடியிலகூட ஒண்ணு தொங்குது சார், எம் பொண்டாட்டி ஒட்டடைன்னு நெனச்சு அடிக்கப் போயிட்டா” என்றார். குஞ்சு பறக்க எப்படியும் ஒரு மாதமாகும், அதுவரை துணியை மொட்டைமாடியில் காயப்போடச் சொல்லுங்கள் என்றேன்.