பால்காரர் மகளும் சீஸ் தட்டும்

ஜனவரி 4, சனி

இந்த ஆண்டு சனிக்கிழமைதோறும் ஒரு புதிய சீஸ் என்று முடிவு செய்திருக்கிறேன். 100 கிராம் போதும். வாங்குவது நான், சாப்பிடுவது நானும் அம்மாவும். என்ன தோன்றியதோ அதை அன்றே இங்கே எழுதிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் சீஸ் என்றால் இதுவரை இரண்டுதான். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மஞ்சள் சதுரம் ஒன்று, கோப்பிக்கடைப் பரோட்டாவுக்குள் உருகிக் கிடப்பது இன்னொன்று. பரோட்டாவில் வருவதைக் குறை சொல்லமாட்டேன், மழை நாளில் அதற்கு ஈடில்லை. ஆனால் பாலின் ருசியை அதில் தேடினாலும் கிடைக்காது.

முதலில் வாங்கியது நெதர்லாந்தின் கௌடா, 18 மாதம் பழுத்தது. கௌடா என்பது ஓர் ஊர். சுற்றுவட்டார விவசாயிகள் அங்கே கொண்டுவந்து விற்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டச்சுக்காரர்கள் தொண்டையைச் செருமுவதுபோல் ‘ஹௌடா’ என்று சொல்வார்கள்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட்டால் சீஸ் வாயே திறக்காது. குளிர்ந்த நாடுகளில் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெக்கைக்கு 20 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் வியர்த்து எண்ணெய் கக்குகிறது.

அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, “பல்லுல ஏதோ நறநறங்குதே. கல்கண்டு போட்டிருக்காங்களாடா?” என்று கேட்டார். பழுக்கப் பழுக்கப் புரதம் உடைந்து டைரோசின் என்ற அமினோ அமிலம் பிரிகிறது. அது படிகமாகிப் பல்லில் படுகிறது. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். “பால் சட்டி அடிப்பிடிச்சா சுரண்டித் தின்போம். அந்த வாசம்.”

தாத்தா சிங்கப்பூரில் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். அந்தக் காலத்தில் சிராங்கூன் பக்கம் மாட்டு வியாபாரம் நடந்த இடம். அங்கே பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். அம்மா கொட்டகையில் வளர்ந்த பெண். கறந்த பால், காய்ச்சிய பால், திரிந்த பால் எல்லாம் அவர் நாக்குக்குத் தெரியும். இத்தனை நாள் அவருக்கு நான் அந்த மஞ்சள் சதுரத்தைக் கொடுத்துவந்திருக்கிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

மீதிக் கௌடாவைக் கடை பிளாஸ்டிக்கிலேயே வைத்திருந்தேன், மேலெல்லாம் ஈரம். பட்டர் பேப்பரில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவில், காய்கறித் தட்டில் வைத்தேன். சீஸ் உயிருள்ள பொருள். அதற்கு மூச்சும் வேண்டும், காய்ந்துபோகவும் கூடாது.

ஜனவரி 11, சனி

இன்று புதுச் சீஸ் இல்லை. காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே அம்மா கேட்டார்: “தயிருக்கு உறைமோர் ஊத்துவோம். இதுக்கு என்ன ஊத்துறாங்க?”

மழுப்ப மனம் வரவில்லை. பாலைக் கொஞ்சம் புளிக்க வைக்க ஒரு கிருமிக்கூட்டம், உண்மையில் உறைய வைக்க ரென்னெட். பழைய முறையில் அதைப் பால்குடி மறக்காத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். தாய்ப்பால் வயிற்றில் உறைந்து நின்று மெல்லச் செரிக்கவே இயற்கை அந்த நொதியைக் கன்றுக்குக் கொடுத்திருக்கிறது. கன்றை அறுத்தால்தான் அது கிடைக்கும்.

அம்மா கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தார். தாத்தா நான்கு காம்பில் மூன்றைத்தான் கறப்பாராம். நான்காவது கன்றுக்கு. ஒருநாள் பால் போதவில்லை என்று மாமா நான்காவதையும் கறந்துவிட, தாத்தா அந்தச் செம்பைக் கொண்டுபோய்க் கன்றின் வாயில் ஊற்றினாராம். வாடிக்கையாளர் வீட்டுக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று அன்றைக்குச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது என்றார். “கன்னு வயித்துல எடுத்தது எனக்கு வேணாம்டா. நீ தின்னு, நான் ஒண்ணும் சொல்லல.”

மாலையில் அம்மாவோடு கடைக்குப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பிப் படித்தேன். நினைத்ததைவிட வழி அதிகம். கன்றின் அதே நொதியை, கைமோசினை, கன்றைத் தொடாமல் நுண்ணுயிர்களை வைத்து உற்பத்தி செய்யும் முறைக்கு அமெரிக்கா 1990-இல் அனுமதி கொடுத்தது. பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரென்னெட் தனி. போர்ச்சுகலின் செர்ரா ட எஸ்த்ரெலா மலைப்பகுதியில் செம்மறிப் பாலை உறைய வைக்க ஒருவகை முட்செடியின் பூவை ஊறவைத்த நீரை ஊற்றுகிறார்கள். இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்தது. “பூவாலயே உறையுமா?” என்று இரண்டு முறை கேட்டார்.

இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு இந்த வழி கிடையாது. கன்றின் ரென்னெட் என்று அதன் விதியிலேயே எழுதியிருக்கிறது. 500 லிட்டருக்கு மேல் பால் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ சக்கரமாகி, குறைந்தது 12 மாதம் காத்திருந்து வரும் சீஸ் அது. அதன் மேல் எனக்குள்ள மரியாதை குறையாது. ஆனாலும் எங்கள் வீட்டுத் தட்டில் அது வராது. போன வாரக் கௌடா பொட்டலத்தில் வெறுமனே ‘ரென்னெட்’ என்று மட்டும் இருந்தது. மீதியை நான் மட்டும் சாப்பிட்டு முடித்தேன். இனிமேல் திருப்பிப் படிக்காமல் எதையும் வாங்கப்போவதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். விடிவதற்கு முன் பொங்கி, சாமி கும்பிட்டு, எட்டரை மணிக்கு எம்ஆர்டி ரயிலில் நின்றேன். பொங்கியது அட்டைப் பெட்டிப் பால்தான் என்றாலும் அம்மா வழக்கம்போல் பானையை விட்டு நகரவில்லை.

ஜனவரி 18, சனி

இந்த நாளுக்காகவே எழுத ஆரம்பித்தேனோ என்று தோன்றுகிறது.

நார்வேயின் ப்ரூனோஸ்ட். பெயருக்குப் பழுப்புச் சீஸ் என்று பொருள். பார்ப்பதற்கு ஒரு வெல்ல அச்சு மாதிரியே இருக்கிறது. பால் திரிந்ததும் கட்டியை எடுத்துவிட்டால் மிஞ்சும் தெளிந்த நீர் இருக்கிறதே, அதைப் பாலும் பாலேடும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். நீர் வற்ற வற்ற பாலிலுள்ள சர்க்கரை கருகாமல் பழுப்பேறி, கடைசியில் கிண்டக் கிண்டத் திரண்டுவரும். குட்பிரான்ட்ஸ்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆன்னே ஹோவ் என்ற பெண் 1863-இல் இதில் பாலேடு சேர்த்துக் காய்ச்சினார். இன்றைய ருசி அவரிடமிருந்து வந்தது என்கிறார்கள்.

இதைக் கத்தியால் வெட்டக் கூடாது. நடுவில் பிளவுள்ள தட்டைக் கரண்டி ஒன்று உண்டு, தச்சர் இழைப்புளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடித்த தோர் பியோர்க்லுண்டும் ஒரு நார்வே தச்சர்தான், 1925-இல் காப்புரிமை பெற்றார். கடையில் 12 வெள்ளிக்கு வாங்கிவந்தேன். மேலே வைத்து இழுத்தால் பிளவு வழியாகத் துணி மாதிரி மெல்லிய ஏடு ஒன்று சுருண்டு வருகிறது. ஒளியில் பிடித்தால் விளிம்பு தேன் நிறத்தில் தெரிகிறது.

அம்மா அந்தச் சுருளை நாக்கில் வைத்தார். மெல்லவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “திரட்டுப்பால்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். அவருடைய அம்மா, என் பாட்டி, கொட்டகை அடுப்பில் விற்காத பாலை வைத்துக் கிண்டுவாராம். கை வலித்தால் மகள்கள் முறை போட்டுக் கிண்டுவார்களாம். அதற்குப் பின் எத்தனையோ கல்யாணங்களில் திரட்டுப்பால் சாப்பிட்டிருக்கிறார். எதிலும் அந்த லேசான உப்பும் ஆட்டுப்பால் வாசமும் வந்ததில்லையாம். கொட்டகையில் இரண்டு ஆடும் இருந்தனவாம், எனக்கு இது புதுச் செய்தி.

பொட்டலத்தில் மோர்த்தெளிவு, பால், பாலேடு, ஆட்டுப்பால் என்றுதான் போட்டிருந்தது. அந்தத் தெளிவைத் தந்த பாலை எதை ஊற்றி உறைய வைத்தார்கள் என்று அதில் இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா யோசித்து, “அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளு. பதில் வர்ற வரைக்கும் இது போதும்,” என்று இன்னொரு சுருளை எடுத்துக்கொண்டார். கடிதம் அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 25, சனி

இன்று வருத்தம். பிரீ வாங்கினேன், பாரிஸுக்குக் கிழக்கே உள்ள பகுதியின் பெயர் கொண்ட வெண்தோல் சீஸ். பிரித்தவுடன் கழிப்பறை கழுவும் திரவம் மாதிரி மூக்கில் ஏறியது. வெண்பூஞ்சை வெளியிலிருந்து உள்ளே புரதத்தை உடைத்துக்கொண்டே போகும், அதிகம் கனிந்தால் அமோனியா வரும். லேசாக இருந்தால் காற்றாட வைத்தால் போகும். இது போகவில்லை. கடையில் காட்டியபோது, பிரெஞ்சு சீஸ் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது உண்மை இல்லை. நல்ல பிரீயில் காளான் வாசமும் வெண்ணெய் வாசமும் வரும். இதை முதல்முறை முகர்கிறவர் வாழ்நாளுக்கும் பிரீயைத் தொடமாட்டார், அதுதான் எனக்குக் கோபம்.

ஜனவரி 29, புதன்

சீனப் புத்தாண்டு. எதிர்வீட்டுப் பாட்டி வீட்டுக்கு இரண்டு மாண்டரின் ஆரஞ்சோடு போவது வழக்கம். இந்த முறை ஸ்டில்டன் என்ற நீலப்பூஞ்சைச் சீஸ் ஒரு துண்டும் கொண்டுபோனோம், சைவ ரென்னெட் என்று அச்சிட்டது. இங்கிலாந்தின் டெர்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்ஹாம்ஷர் ஆகிய மூன்று வட்டாரங்களில் மட்டுமே ஸ்டில்டன் செய்யலாம். ஸ்டில்டன் என்ற ஊர் இந்த மூன்றிலும் இல்லை! சக்கரத்தை நீண்ட ஊசிகளால் குத்துவார்கள். காற்று புகுந்த வழியெல்லாம் நீலப்பூஞ்சை நரம்பு மாதிரி ஓடும்.

அம்மா ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். பாட்டி ஒரு துண்டை வாயில் வைத்து, சட்டென்று எழுந்துபோய்க் கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே புளிக்க வைத்த தௌஹூ, அதாவது சோயாக் கட்டி, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ருசித்தால் ஒரே குடும்பம்: அதே உப்பு, அதே குழைவு, மூக்கின் பின்னால் ஏறும் அதே காரம். “செடாப்!” என்றார் பாட்டி, மலாயில் ருசி என்று பொருள். நாற்பது வருடமாக அம்மாவும் அவரும் பாசார் மலாயில்தான், சந்தையில் புழங்கும் எளிய மலாயில்தான், பேசிக்கொள்கிறார்கள். ஆரஞ்சுச் சுளையோடு சேர்த்தால் ஸ்டில்டன் அம்மாவுக்கும் இறங்கியது.

பிப்ரவரி 1, சனி

நார்வேயிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை நாமே ஒன்று செய்யலாம் என்றார் அம்மா.

ஆட்டுப்பால் இரண்டு லிட்டர் வாங்கினேன். ஆட்டுப்பாலின் தனி வாசத்துக்குக் காரணமான கொழுப்பு அமிலங்கள் மூன்றுக்கு கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று பெயர். மூன்றுமே லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. அம்மாவுக்கு அந்தப் பெயர்கள் வேண்டியிருக்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, “தழை தின்ன ஆடு இல்ல, தீவனம்,” என்றார்.

பால் கொதிக்கும் தறுவாயில் அடுப்பை அணைத்து எலுமிச்சைச் சாறு. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஓரத்தில் பச்சை சாயலில் நீர் பிரிந்து, நடுவில் சின்னச் சின்னப் பூவாகக் கட்டி எழும்பியது. பழைய வேட்டித் துணியில் வடித்து, குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு மணி நேரத்தில் கைப்பிடி அளவு வெள்ளை உருண்டை, கொஞ்சம் உப்பு, மேலே பொடித்த மிளகு. ஒன்றும் பழுக்காத, இன்று பிறந்த சீஸ். சூடான இட்லிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம்.

பாத்திரத்தில் நின்ற நீரை ஊற்றப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார். “வை. நாளைக்கு சப்பாத்தி மாவு பிசையலாம். பாதியைச் சின்ன சட்டியில ஊத்து, வத்துதான்னு பார்ப்போம்.” இப்போது மணி பத்தரை. அடுப்பு சிம்மில் எரிகிறது, அம்மா முறை முடிந்து என் முறை வந்திருக்கிறது.