முப்பது மாது

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது அரபுத்தமிழ்ச் சட்ட நூல்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம்தான் அரபுத்தமிழ். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துப் பெண்கள் பல தலைமுறையாக மார்க்கம் படித்தது இதில்தான்.

2022-இல் பதிவு செய்யப் போனால், தமிழ்த் துறையில் ‘இது அரபு’ என்றார்கள். அரபுத் துறையில் ‘மொழி தமிழாயிற்றே’ என்றார்கள். நான்கு மாதம் இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கிய பிறகே அரபுத் துறையில் ஒரு நெறியாளர் அமைந்தார். நம்பியிருந்த, சிறுபான்மை ஆய்வாளருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை அந்த டிசம்பரில் மத்திய அரசு நிறுத்திவிட்டது. நெட் தேர்வில் தேறினேன். உதவித்தொகைக்கான மதிப்பெண் வரவில்லை. மாலை வேளைகளில் மதரஸாவில் பாடம் நடத்திச் செலவைச் சமாளித்தேன்.

இதெல்லாம் எல்லா ஆய்வாளருக்கும் உள்ள பாடு. என்னைத் திணறடித்தது வாசிப்புதான். அரபியில் ‘ட’ கிடையாது. ‘தால்’ எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைத்து அதை உண்டாக்கினார்கள். பழைய கல்லச்சுப் பிரதிகளில் முதலில் அழிவது அந்தப் புள்ளிதான். ஒரு பக்கத்தில் ‘முப்பது மாது இருந்தால் ஒரு கன்று’ என்று இருந்தது. முப்பது பெண்களா? மஹர், அதாவது மணக்கொடை, பற்றிய பகுதியோ என்று அரை நாள் குழம்பினேன்.

ஊருக்குப் போனபோது என் பாட்டி உம்மும்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரிப்பு அடங்கவே அவருக்கு நேரம் பிடித்தது. “அது ஜக்காத்துப் பாடம் வாப்பா. மாடு!” முப்பது மாட்டுக்கு ஒரு வயதுக் கன்று ஜக்காத் (கட்டாயக் கொடை) என்பது எனக்குத் தெரியாததா? எழுத்தைப் பார்த்தேனே தவிர, எந்தப் பாடத்தில் நிற்கிறேன் என்று பார்க்கவில்லை. அவருக்குப் புள்ளியே வேண்டியிருக்கவில்லை; பாடம் காதில் இருந்தது.

அன்றிலிருந்து ஐயமான பக்கங்களை அவர் வாசிக்க, பதிவு செய்துகொண்டேன். ஆலோசனைக் குழுவில் ஒருவர், “பாட்டி சொன்னது ஆதாரமா?” என்றார். கேள்வி நியாயம்தான், கேட்ட தொனி அல்ல. உம்மும்மாவின் வாசிப்பை வேறு பிரதிகளோடு ஒப்பிட்டுத் தனி இயலாகவே எழுதினேன். ஆய்வேட்டில் உருப்படியான இயல் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த ஜக்காத்துப் பக்கத்தையே திரையில் காட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு நூற்பட்டியலில் பன்னிரண்டு பிழைகளைச் சுட்டித் திருத்தித் தரச் சொன்னார்.