பாண்டவர் விழுந்த பாதையும் நம் பூக்குழியும்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததும் கண் அம்மன் கருவறைக்குத்தான் போகும். தீமிதிக்கு நேர்ந்துகொண்டவர்கள் அங்கே கும்பிட்டபின் திரௌபதை அம்மன் சந்நிதியிலும் சற்று நின்று வர வேண்டும். 1827ல் நாராயண பிள்ளை மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுப்பிய இக்கோயிலில், மாரியம்மனுக்கு அடுத்த பெரிய இடம் திரௌபதைக்கு. பக்கத்தில் தருமர், பீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன் ஐவரும் கண்ணனோடு இருக்கிறார்கள். 1840 தொட்டு இங்கே தீமிதி நடப்பதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. பூக்குழி இறங்குகிறவர்கள் வணங்கிவிட்டுப் போகும் அந்த ஐவரில் ஒருவர்தான் தம் கடைசிப் பயணத்தை நடந்து முடித்தார். மற்ற நால்வரும் வழியிலேயே விழுந்தார்கள்.

இந்தப் பகுதி தீமிதிக்கு வருகிற பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. தமிழில் பெரிதும் படிக்கப்படும் வில்லிபாரதம் பத்துப் பருவங்களோடு, போர் முடிகிற இடத்தில் நின்றுவிடுகிறது. கோயில் சடங்குகளும் ஏறக்குறைய அந்தக் கதைப்போக்கில்தான் நடக்கின்றன. திரௌபதையின் சபதம் நிறைவேறுகிறது, தீ மிதிக்கிறார்கள், மஞ்சள் நீரோடு விழா முடிகிறது. வியாச பாரதம் அதற்கு மேலும் போகிறது. அதன் பதினேழாவது பருவமான மகாபிரஸ்தானிகத்தில் பேரன் பரீட்சித்துக்கு முடிசூட்டிவிட்டு, மரவுரி உடுத்தி, ஐவரும் திரௌபதையும் நடக்கத் தொடங்குகிறார்கள். ஒரு நாய் பின்னால் வருகிறது.

வழியில் அக்கினி தேவன் எதிரே வந்து நிற்கிறான். காண்டீபத்தைத் திருப்பித் தரச் சொல்கிறான். அர்ச்சுனனுக்காக வருணனிடமிருந்து அக்கினி வாங்கித் தந்த வில் அது. அரசைத் துறந்தவன், செல்வத்தைத் துறந்தவன், அந்த வில்லையும் வற்றாத அம்பறாத்தூணிகளையும் மட்டும் விட மனமில்லாமல் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். சகோதரர்கள் வற்புறுத்திய பிறகே தண்ணீரில் எறிகிறான். தீமிதிக்கு நேர்ந்தவர்கள் இந்த ஓர் இடத்தையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தீக்கடவுளே வழியை மறித்துக் கேட்டது உணவையோ உறக்கத்தையோ அல்ல, ‘நான் இன்னார்’ என்று காட்டிக்கொள்ள அர்ச்சுனன் கையில் வைத்திருந்ததை.

இமயம் தாண்டி, மணற்பரப்பைத் தாண்டி, மேருவை நோக்கிப் போகையில் முதலில் திரௌபதை விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன். ஒவ்வொரு முறையும் பீமன் ‘ஏன்?’ என்று கேட்கிறான். தருமர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்கிறார். ஐவரில் அர்ச்சுனனிடம் கூடுதல் பற்று வைத்தாள் அவள்; தன்னைப்போல் அறிவாளி இல்லை என்று நினைத்தான் சகாதேவன்; தன்னைப்போல் அழகன் இல்லை என்று நினைத்தான் நகுலன்; ஒரே நாளில் பகைவரை எரிப்பேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்டதோடு மற்ற வில்லாளிகளையும் இகழ்ந்தான் அர்ச்சுனன். கடைசியில் பீமனே விழுந்து, ‘நான் ஏன்?’ என்று கேட்கிறான். மிகையாகத் தின்றாய், பிறரை மதிக்காமல் உன் பலத்தைப் பேசினாய் என்கிறார் தருமர்.

அம்மனாக வணங்கப்படுகிறவளையே குறை சொல்கிறதே கதை என்று சிலர் சங்கடப்படுவார்கள். சங்கடம் வேண்டியதில்லை. சந்நிதியில் நாம் வணங்குவது தீயில் பிறந்து தீயைக் கடந்த தாயை. பாரதம் பேசுவது மனிதப் பிறவியின் கணக்கை. இரண்டையும் சேர்த்தே நம் முன்னோர் வைத்துக்கொண்டார்கள். இவர்களில் யாரும் கொலையாலோ துரோகத்தாலோ விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் யாரும் குறையென்றே சொல்லாத சின்னக் குணங்கள் அவை. நோன்பால் இளைப்பது உடம்பு. இந்தக் குணங்கள் அதே நோன்பைத் தின்று கொழுக்கும்.

அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில் கோயிலுக்குப் போனால் இது நேராகவே தெரியும். தபசு மரத்தில் ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். அந்தக் கதையின் நடுப்பகுதியைத்தான் கூர்ந்து கேட்க வேண்டும். சிவனிடம் பாசுபத அத்திரம் வேண்டி மாதக்கணக்கில் தவம் இருந்தவன், பாய்ந்து வந்த பன்றியை யார் முதலில் எய்தது என்று ஒரு வேடனோடு சண்டைக்குப் போகிறான். அம்பு தீர்கிறது, வில் பறிபோகிறது, வாள் முறிகிறது. எல்லாம் கைவிட்டுப்போனபின் மண்ணால் சிவலிங்கம் பிடித்து மாலை சாத்துகிறான். அந்த மாலை வேடன் தலையில் இருக்கிறது. யாரை அழைத்துத் தவம் செய்தானோ அவரோடேயே இவ்வளவு நேரம் சண்டை. வரிசையில் தொண்டூழியரை ஏசுகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

இனி விரதம். ஆடியில் கொடியேறும் நாளிலிருந்து இருப்பவர்கள் உண்டு. ஒரு மண்டலம், 48 நாள், இருப்பவர்கள் உண்டு. ஷிஃப்ட் வேலை காரணமாகக் குறைந்த நாள் நேர்ந்துகொள்பவர்களும் உண்டு. எத்தனை நாள் முடியுமோ அத்தனைக்கு நேர்ந்துகொண்டு அதை முழுதாக இருப்பதே நல்லது. அர்ச்சுனன் விழுந்த காரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: தீமிதி, பால்குடம், அங்கப்பிரதட்சணம் மூன்றும் மூன்று வருஷத்துக்கு என்று ஆவேசத்தில் நேர்ந்துவிட்டு இரண்டாம் வருஷமே கைவிடுகிறவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

புலால், மது, சிகரெட் கூடாது, பிரமச்சரியம், பாயில் உறக்கம், காலை மாலை குளித்து விளக்கேற்றிக் கும்பிடுவது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே குளிர்பதனப் பெட்டி. ஆகவே விரதக்காரருக்கு ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு தட்டு, பெட்டியில் மேல்தட்டு ஆகியவற்றை முதல் நாளே ஒதுக்கிவிட்டால் பாதிச் சச்சரவு குறையும். ஒதுக்காமல் விட்டுவிட்டு, தாயாரையோ மனைவியையோ ‘தீட்டுப் பண்ணிட்டியே’ என்று தினமும் கத்துகிற வீடுகளில் விரதம் எங்கே இருக்கிறது? சைவம் என்ற பெயரில் வடையும் பொரியலும் இனிப்புமாக மூன்று வேளையும் மூக்குமுட்டத் தின்பதும் பீமன் வழிதான். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளை உணவைத் தவிர்க்கக் கூடாது. நடைப்பயணத்தின் நடுவே சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால், தூக்கிப்போக நாலுபேர் தங்கள் வேண்டுதலை நிறுத்த வேண்டியிருக்கும்.

நம் ஊருக்கென்றே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கறியைத் தொடாமல், பீரைத் தொடாமல், மஞ்சள் காப்போடு ஃபோர்டி (4D) லாட்டரிக் கடை வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கலாம். நுழைவுச்சீட்டு எண்ணையே நம்பராக எழுதுகிறவர்களும் உண்டு. திரௌபதை சபைக்கு இழுத்து வரப்பட்டது ஒரு சூதாட்டத்தால். நாம் மிதிக்கும் தீயின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. அதை ஆடியவர் கெட்டவர் இல்லை, ஐவரில் அறத்துக்குப் பேர்போன தருமர். காட்டில் பீமன் அவரைக் குத்திக் காட்டும்போது, துரியோதனனின் நாட்டைப் பறிக்கும் ஆசையில்தான் நான் காயைக் கையில் எடுத்தேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நான்கு விரல் உயரம் தரையைத் தொடாமல் ஓடிய அவருடைய தேர் துரோணரிடம் சொன்ன ஒரு பொய்யால் தரையில் இறங்கியது. சொர்க்கம் போயும் அந்தப் பொய்க்காக நரகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டிவந்தது. விரத நாள்களில் எதையாவது கூடுதலாக விட வேண்டும் என்றால் முதலில் இதை விடலாம்.

பதிவு, சீட்டு, நேரம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கோயிலும் இந்து அறக்கட்டளை வாரியமும் அறிவிப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விழா ஐப்பசியில், வழக்கமாகத் தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னால் வரும். இங்கே பூக்குழி இறங்குவது ஆண்கள் மட்டும். பெண்கள் கும்பிடுதண்டம், அடிப்பிரதட்சணம், பால்குடம் என்று நேர்த்தியைச் செலுத்துகிறார்கள். அதற்கும் பதிவும் நேரமும் உண்டு. வீட்டில் இறப்புத் தீட்டு உள்ளவர்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே வழக்கம்.

நடை சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கும். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கம். அங்கிருந்து ஆற்றைத் தாண்டி மாரியம்மன் கோயில்வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு, இரவில். குடும்பத்தார் மறுமுனையில் காத்திருப்பதானால் மேக்ஸ்வெல் நிலையமோ சைனாடவுன் நிலையமோ வசதி. மஞ்சள் வேட்டி பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்தது சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். கணுக்காலுக்கு மேலே மடித்து இறுக்கிக் கட்டுங்கள். மெட்டி, தண்டை, கால் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காலில் எண்ணெய், களிம்பு, பவுடர் எதுவும் பூச வேண்டாம். வழியில் தாகத்துக்குச் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கலாம். காப்பும் வேப்பிலையும் கையில் இருந்தால் போதும், கைப்பேசி வேண்டாம். நகுலனை நினைத்துச் சொல்கிறோம்: குழிக்குள் கால் வைக்கும்போது எந்தப் பக்கம் கேமரா என்று தேடுகிற கண், எங்கே பள்ளம் என்பதைப் பார்க்காது.

நீண்ட காத்திருப்பு இருக்கும். பெரும்பாலான விரதங்கள் உடைவது அந்த வரிசையில். ‘தம்பி, இது எனக்கு இத்தனையாவது வருஷம்’ என்று முன்னால் நுழைவதும், முதல்முறை வந்த பையன் கை நடுங்குவதைப் பார்த்துச் சிரிப்பதும், கூட்டாளிகளுக்கு இடம்பிடிப்பதும் அங்கே நடக்கும். மூத்தவர்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு: அந்தப் பையனுக்கு எப்படிக் கால் வைப்பது என்று சொல்லிக்கொடுப்பது.

விறகு பல மணி நேரம் எரிந்து அடங்கிக் கனலானபின் குழியைச் சமன்செய்கிறார்கள். கரகம் ஏந்திய தலைமைப் பண்டாரம் முதலில் இறங்குவார். மற்றவர்கள் அவருக்குப் பின். கனன்ற கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படியும் சாம்பல் அதை இன்னும் குறைக்கும். கால் படுவதும் எடுப்பதும் ஒரு கணத்தில் நடந்துவிட வேண்டும். இதைச் சொல்வதால் அம்மன் அருள் குறைந்துவிடாது. எந்த அடியும் தயங்காமல் விழும்படி மனத்தை நிலைநிறுத்துவதே அருள் என்பது எங்கள் எண்ணம். உள்ளங்கால் முழுதும் தட்டையாகப் பட, சீராக நடக்க வேண்டும். ஓடினால் உடம்பின் எடை முன்பாதத்தில் விழுந்து விரல்கள் கனலுக்குள் புதையும். விரலிடுக்கில் துண்டு சிக்கும். நின்றால் சூடு ஏற நேரம் கிடைக்கும். முன்னால் போகிறவர் நடுவைத் தாண்டும்வரை பொறுங்கள். அவர் இடறினால் அவர்மேல் நீங்கள், உங்கள்மேல் அடுத்தவர். ஆவேசம் காட்டுவதற்காகக் குதித்து இறங்குவது மிக மோசம். பலர் மிதித்த இடம் குழிந்திருக்கும், கால் எங்கே படும் என்பது உங்கள் கையில் இருக்காது. மறுமுனையில் பால்குழியில் இறங்கி, விரலிடுக்குகள் நனையக் காலை நன்றாக அலைத்துவிட்டு, பின்னால் வருகிறவருக்கு உடனே இடம் விடுங்கள்.

பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போன நீரிழிவுக்காரர்கள் இறங்கவே கூடாது. கனல் ஒட்டியிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பால்குடம் எடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சூடுபட்டால் என்ன செய்வது என்பதைவிட, பட்டதைச் சொல்வதுதான் பலருக்குப் பெரும்பாடு. ‘விரதத்தில் குறை, அதான் சுட்டுது’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கொப்புளத்தோடு சிரித்தபடி நடந்து, காலுறைக்குள் மறைத்து, நாலாம் நாள் சீழ் பிடித்தபின் மருத்துவமனைக்குப் போவார்கள். விரதத்தில் குறை இருந்ததோ இல்லையோ, இந்த மறைப்பு வெறும் கௌரவம். ஆறக்கூடிய புண்ணை ஆறாத புண்ணாக்குவதும் அதுதான். மற்றவர் காலைப் பார்த்து அவர் நோன்பை எடைபோடுகிறவர்களும் சகாதேவனின் குறையைத்தான் சுமக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

பால்குழியிலிருந்து வந்ததும் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வேறொருவரை விட்டு இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சலோ கொப்புளமோ இருந்தால் முதலுதவிப் பிரிவுக்குப் போய், ஓடும் குழாய்த்தண்ணீரில் இருபது நிமிஷம் காலை வையுங்கள். ஐஸ், மஞ்சள், பற்பசை, எண்ணெய் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். தோல் வெளுத்தோ கருகியோ இருந்தால், அல்லது நீரிழிவு இருந்தால், அன்று இரவே மருத்துவரிடம் போய்க் கனலில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டது எப்போது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்பதால், புண் மூடும்வரை வீட்டு விளக்கின் முன்னாலேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.