முதலில் பெயிண்ட் அடித்தது யார் தப்பு?

என் தப்புதான். மாமா விட்டுப்போன 1964 செவர்லே இம்பாலா கார், கூரையை மடிக்கிற வகை, பதினேழரை அடி நீளம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் லோரி குத்தகை எடுத்திருந்த காலத்தில் வாங்கினார். பெயர் மாற்றம் எளிதாகவே முடிந்தது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கினேன். அதை எதில் முதலில் இறக்குவது என்பதில்தான் மண்ணைக் கவ்வினேன்.

ஈப்போவில் ஒரு பெயிண்ட் கடை. தவுக்கே, அதாவது கடை முதலாளி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அடி நல்லா இருக்கு பாஸ்" என்றார். சிவப்பு பெயிண்ட், சீட் தையல் எல்லாம் சேர்த்து 14,000 போனது. வீட்டுக்கு வந்ததும் டயர் மாற்ற நடுவில் ஜாக்கி போட்டேன். திறந்த கதவை மூட முடியவில்லை. ஜாக்கியை இறக்கியதும் சமர்த்தாக மூடிக்கொண்டது. வயிற்றைக் கலக்கியது.

எங்கள் டவுனில், ரப்பர் ஃபேக்டரியில் வெல்டிங் செய்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். காந்தத்தோடு வந்தார். வண்டியின் தரையில் அது ஒட்டவே இல்லை. "தம்பி, இது தகரம் இல்ல, ஓட்டைய மறைக்கப் பூசின பட்டி." ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார், பிடிவரை இறங்கியது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் டின்கள் அடுக்கிய ஸ்டோரில்தான் வண்டி பல வருடம் நின்றது. போதாததற்குக் கூரைத்துணி வழியே ஒழுகிய மழை.

அண்ணன் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த வண்டியின் சேசி, அதாவது அடிச்சட்டம், பெருக்கல் குறி மாதிரி, இரு ஓரத்திலும் நீளச் சட்டம் கிடையாது. 1965 மாடலில்தான் அதை மாற்றினார்கள். மேலே கூரையும் இல்லாததால் தரையும் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகரமும்தான் பாரத்தைத் தாங்க வேண்டும். அது அரித்துவிட்டால் வண்டி நடுவில் வளையும்.

அறுப்பதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்தார். உங்கள் ஆள் அதைச் செய்யாமல் கட்டரை எடுத்தால் வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள். தொங்கிய பாடி நேராவது லேசில்லை. தரை வேலைக்கு 19,000. வெல்டிங் சூட்டில் புதுப் பெயிண்ட் ஓரமெல்லாம் கொப்பளித்துப்போனது. வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.

அவசரத்தில் அமெரிக்காவிலிருந்து தருவித்த கூரைத்துணி, 3,500, இன்னும் பெட்டியில் கிடக்கிறது. பாடி நேரானபின் கண்ணாடியோடு கூரைக் கம்பிகளைச் சரிபார்த்துத்தான் அதை இழுத்துக் கட்ட முடியும். ஸ்டீரிங் பாகங்களிலும் ஏமாந்தேன், 700 வெள்ளி. வந்தது இடப்பக்க ஸ்டீரிங்குக்கானது. ஆர்டர் போடும்போது உங்கள் வண்டி வலப்பக்கம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

மனசார செலவழித்தது பிரேக்குக்குத்தான், 2,800. நான்கு சக்கரத்துக்கும் டிரம், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்காவது ஒழுகினால் மொத்த பிரேக்கும் போச்சு. 1967-இல் வந்த இரட்டை அறை வகைக்கு மாற்றிவிட்டேன். பம்பர் குரோமுக்கு 6,000 கேட்டார்கள். மங்கலாகவே இருக்கட்டும் என்றேன்.

போன ஞாயிறு மறுபடி ஜாக்கி போட்டுக் கதவை மூடிப் பார்த்தேன். டப். திரும்பத் திரும்ப மூடிப் பார்த்தேன். திண்ணையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "கதவை உடைச்சிடாதடா. அந்தப் பெயிண்டை எப்ப அடிக்கப் போற?"

மிச்சம் 10,000 இருக்கிறது. அத்தையிடம் இன்னும் பதில் சொல்லவில்லை.