ரீமர் நுனியில் 34 மைக்ரான்

ஜூன் 9

12 எச்7 துளை (விட்டம் 12 மி.மீ., எச்7 என்பது டாலரன்ஸ் வகுப்பு), ஆழம் அதிகம். துளையைத் துல்லிய அளவுக்கு முடிக்கும் கார்பைடு ரீமர், அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டிலிருந்து 150 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிளக் கேஜின் நோ-கோ பக்கம் (துளைக்குள் நுழையக் கூடாத பக்கம்) வாயில் நுழைந்துவிடுகிறது, கொஞ்சம் உள்ளே போனதும் பிடிக்கிறது. டாலரன்ஸ், அதாவது அனுமதித்த அளவு வித்தியாசம், 0 முதல் +18 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.). வாயில் 12.024 வருகிறது, ரீமரோ 12.008தான்.

லீவர் டயலை (மைக்ரான் அசைவை ஊசியில் காட்டும் அளவி) நுனிக்குப் பக்கத்தில் வைத்து, மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றினேன். முன்பக்கம் சுற்றினால் பல்லின் கூர் டயல் முனையில் இடிக்கும். பின்னால் சுற்றினால் பல்லின் முதுகில் ஏறி, கூரைத் தாண்டிப் பள்ளத்தில் விழும். ஒவ்வொரு பல்லுக்கும் உச்ச ரீடிங்கை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் வித்தியாசம் 34 மைக்ரான். அதே ரீமரின் ஷாங்கில் (பிடிக்கும் தண்டுப் பகுதியில்), காலெட்டை இறுக்கும் நட்டை ஒட்டிப் பார்த்தால் வெறும் 8.

வெறும் மைய விலகல் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு காட்டியிருக்கும். இது சாய்வு. நட்டுக்குப் பக்கத்தில் மட்டும் டயல் வைத்துவிட்டு "ரன்அவுட் ஓகே" (சுழலும்போது வரும் ஆட்டம் சரி) என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

ஜூன் 10

"அண்ணே, அட்ஜஸ்டபிள் ஹோல்டர் ஒன்று பெட்டியிலேயே கிடக்குதே, அதை மாட்டிடலாமா?" என்றான் தம்பி. மையத்தையும் சாய்வையும் ஸ்க்ரூவால் திருத்திக்கொள்ளும் ஹோல்டர் அது. மாட்டலாம், ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் ஸ்க்ரூவைத் திருகினால் அழுக்கையும் சேர்த்துத்தான் திருத்திக்கொண்டிருப்போம்.

ஸ்பிண்டிலில் உட்காரும் கூம்புப் பாகமான டேப்பரைத் துடைத்தோம். காலெட்டின் பிளவுக்குள் பொடிச் சில்லு சிக்கியிருந்தது. எடுத்துவிட்டு நட்டை டார்க் ரென்ச்சில் இறுக்கியதும் நுனியில் 22 ஆனது. அடுத்து ரீமரை மட்டும் காலெட்டுக்குள் 180 டிகிரி திருப்பிப் போட்டோம். உச்சம் ரீமரோடு சேர்ந்து நகரவில்லை, ஹோல்டரின் அதே பக்கத்தில் நின்றது. அப்படியானால் ரீமர் நேராகத்தான் இருக்கிறது. துல்லியமாக நேரான டெஸ்ட் பாரை ஸ்பிண்டிலில் போட்டால் 150 மி.மீ. தூரத்தில் 6. மீதியெல்லாம் காலெட்டும் ஹோல்டரும் சேர்ந்து செய்கிற வேலை.

ஜூன் 12

அட்ஜஸ்டபிள் ஹோல்டர் ஏறிவிட்டது. டேப்பர் பாகம் தனி, டூல் பிடிக்கும் பாகம் தனி, நடுவில் ஃப்ளேஞ்ச். பக்கவாட்டில் நான்கு ஸ்க்ரூ மையத்தைத் தள்ளுவதற்கு, ஃப்ளேஞ்ச் முகத்தில் இருப்பவை சாய்வைத் திருத்துவதற்கு.

வரிசை முக்கியம். முதலில் ஃப்ளேஞ்சை லேசாக மட்டும் இறுக்கி, அதை ஒட்டி டயல் வைத்து மையத்தைச் சரிசெய்ய வேண்டும். டயல் 24 காட்டினால் தள்ள வேண்டியது 12தான், ஏனென்றால் ரீடிங் விலகலைப்போல் இரு மடங்கு. தம்பி முதலில் முழு 24-ஐயும் தள்ளிவிட்டு, உச்சம் எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று திகைத்து நின்றான். எதிர் ஸ்க்ரூவைத் தளர்த்தாமல் இந்தப் பக்கம் அழுத்துவதும் கூடாது. அப்போதைக்கு நகராமல் நின்றுவிட்டு, ஓடும்போது நகரும்.

மையம் 2 மைக்ரானுக்குள் வந்ததும் ஃப்ளேஞ்சை முழு டார்க்குக்கு இறுக்கி, டயலை நுனிக்குக் கொண்டுபோனோம். சாய்வு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினாலே நுனியில் ஊசி துள்ளுகிறது, ஃப்ளேஞ்ச் பக்கம் கிட்டத்தட்ட அசைவே இல்லை. மையத்தை முதலில் முடிப்பது இதனால்தான். சாய்வை முதலில் திருத்தினால், பிறகு மையத்தைத் தள்ளும்போது நுனியும் கூடவே போய்விடும்.

கடைசியில் நுனியில் 3. துளை மேலே 12.010, கீழே 12.009.

ஜூன் 13

வேண்டுமென்றே ஒரு சோதனை. ஹோல்டரைக் கழற்றி, 180 டிகிரி திருப்பி அதே ஸ்பிண்டிலில் போட்டேன். நுனியில் 13! ஸ்பிண்டிலின் 6 மைக்ரானை எதிர்ப்பக்கமாக ஈடுகட்டி வைத்திருந்தோம் அல்லவா? திருப்பிப் போட்டதும் ஈடுகட்டியது பிழையோடு கூடி 12 ஆகிவிட்டது, மிச்சமிருந்த 3-இல் கொஞ்சம் அதோடு சேர்ந்தது.

நம் ஹோல்டர் வகையான பிடி40-இல் இரண்டு டிரைவ் கீயும் (ஹோல்டரைச் சுழற்றும் கட்டைகள்) ஒரே மாதிரி, எப்படிப் போட்டாலும் உட்காரும். ஏடிசி (தானியங்கி டூல் மாற்றி) மாற்றும்போது கவலையில்லை, எம்19 கட்டளையில் ஸ்பிண்டில் ஒரே கோணத்தில் நிற்கும். கையால் ஏற்றுகிறவர்தான் ஏமாறுவார். எச்எஸ்கே-ஏ என்ற வேறு ஹோல்டர் வகையில் இரண்டு பள்ளமும் வேறு வேறு ஆழம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. நம் ஹோல்டரிலும் ஸ்பிண்டில் மூக்கிலும் பெயின்ட் பொட்டு வைத்தாயிற்று.

பிரீசெட்டரில் (மெஷினுக்கு வெளியே டூலை அளக்கும் கருவி) வைத்துத் திருத்தினாலும் இதே சிக்கல்தான். அங்கே 0 காட்டினாலும் மெஷினில் ஸ்பிண்டிலின் 6 வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 17

எண்ட் மில்லுக்கும் (பக்கவாட்டில் வெட்டும் கட்டர்) இந்த ஹோல்டரையே போடலாமா என்று பக்கத்து மெஷினில் கேட்கிறார்கள். ஆசை புரிகிறது. இரண்டு பல் கட்டர், பல்லுக்கு 0.02 மி.மீ. ஃபீட், பற்களில் ரன்அவுட் 0.01 என்றால் ஒரு பல் 0.03 வெட்டும், மற்றது 0.01தான் வெட்டும். ஒன்று மூன்று மடங்கு உழைத்துச் சீக்கிரம் தேயும். ஆனால் மில்லிங்கில் பக்கவாட்டு அடி ஓயாது. ஃப்ளேஞ்சில் இணைத்த ஹோல்டரை அதில் கொடுக்க எனக்கு மனசில்லை, சூடாக்கி டூலைச் செருகி, ஆறியதும் இறுகப் பிடிக்கும் ஷ்ரிங்க் ஃபிட் ஹோல்டர் வாங்கச் சொன்னேன். சின்ன டிரில்லை 15,000 ஆர்பிஎம்மில் ஓட்டுகிற மெஷினுக்கும் தரமாட்டேன். ஸ்க்ரூ நகர்ந்தால் பேலன்ஸும் நகரும், டயலில் அது தெரியாது.

ரீமரை மாற்றும்போதெல்லாம் நுனியில் டயல் வைக்க வேண்டும் என்று செட்டப் ஷீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதற்குக் கீழே தம்பி சிவப்பு மையில் "பாதிதான் தள்ளணும்" என்று எழுதி வைத்திருக்கிறான்.