நீரோடியிலிருந்து நேர் மேற்கே

லட்சத்தீவுப் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் அட்லஸின் மேல் அளவுகோலை வைத்துக் காட்டுவேன். எங்கள் ஊர் நீரோடி. குமரி மாவட்டக் கடற்கரையின் மேற்கு ஓரம், அதைத் தாண்டினால் கேரளா. அட்சக்கோடு ஏறக்குறைய 8 பாகை 17 கலை. அந்தக் கோட்டிலேயே மேற்கே பென்சிலை இழுத்துக்கொண்டு போனால், வழியில் ஒரு மணல்திட்டுகூடக் குறுக்கிடாமல், சுமார் 440 கிலோமீட்டர் தள்ளி மினிக்காய் தீவில் போய் முட்டும். "டீச்சர், அப்போ அது நமக்கு எதிர் வீடா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த எதிர் வீட்டுக்குப் போய்ச் சேர எனக்கு நாற்பத்துமூன்று வயதாகிவிட்டது. அதில் கடைசி ஐந்து மாதம் முழுக்கக் காகித வேலை. போக நினைக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் ஆழ்கடல் தூண்டில்காரர். தூத்தூர் தொடங்கி நீரோடி வரைக்குமான எங்கள் ஊர்களில் ஆண்கள் சுறாவையும் சூரையையும் தேடி வெகுதூரம் போவார்கள். கொச்சி தோப்பும்படித் துறைமுகத்தில் போட்டில் ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக் கிளம்பினால் ஒரு தங்கல் இருபது நாள், சில சமயம் ஒரு மாதம். திரும்பி வந்து அப்பா சொல்லும் பெயர்களில் என் காதில் ஒட்டிக்கொண்டது மினிக்காய்தான். ஜிபிஎஸ் கைக்கு வராத காலத்தில், அந்தத் தீவின் கலங்கரை விளக்க வெளிச்சம் தெரிந்தால்தான் இருக்கும் இடம் உறுதியாகுமாம். "எத்தனை தடவ கண்டிருக்கேன் மக்களே. அதுக்க கீழ என்ன இருக்குன்னு மட்டும் கண்டதில்ல" என்பார். அனுமதி இல்லாமல் கரையேற முடியாது என்பதால் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பள்ளி விடுமுறை என்றால் பை தயாராகிவிடும். மணப்பாடு, தனுஷ்கோடி, ஒருமுறை அந்தமான் வரைக்கும் போயிருக்கிறேன். எங்கே போனாலும் கடலைப் பார்த்த ஒரு சின்ன வீடு கண்ணில் பட்டால் நின்றுவிடுவேன். சன்னல் எந்தத் திசையில், கிணற்றில் உப்பு ஏறுமா, மழைக்காலத்தில் கூரை தாங்குமா என்று மனசு அங்கேயே குடியேறிவிடும். எங்கள் வீட்டுக்கு முன்னால் நான் ஓடி விளையாடிய கரையைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே கல்கட்டுதான் இருக்கிறது. சாயங்காலம் அந்தக் கல்லில் உட்கார்ந்து மேற்கே பார்ப்பது என் வழக்கம். "என்னத்துக்குக் கெடந்து கடலையே பாக்குதே? கடலு உனக்க அப்பனுக்க பூமி, பெண்ணாப் பெறந்த உனக்கு அங்க என்ன வேலை?" என்று அம்மா திட்டுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

லட்சத்தீவு நம் நாட்டுப் பகுதிதான் என்றாலும், தீவுக்காரர் அல்லாதவர் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1967ஆம் ஆண்டு விதிகள்படி இது நடைமுறையில் இருக்கிறது. சுற்றுலாத் தொகுப்பில் போனால் நடத்துகிறவர்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை. பகலில் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு மறுபடி கப்பலில் ஏற்றிவிட்டால், அப்பா கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஒரு வீட்டில் தங்க வேண்டும். அதற்குத் தீவில் யாராவது ஒருவர் "இவர் என் விருந்தாளி, நான் பொறுப்பு" என்று எழுதித் தர வேண்டும்.

அந்த ஒருவர் கிடைத்தது தம்பியால். அவன் சரக்குக் கப்பலில் போசன், அதாவது தள வேலைக்காரர்களுக்கு மேலாள். மினிக்காய் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக உலகக் கப்பல்களில் வேலை பார்க்கிறவர்கள், அவனோடு இரண்டு கான்ட்ராக்ட் சேர்ந்து ஓடியவரும் அந்த ஊர்க்காரர். தம்பி சொன்னதும் அவர் தன் அக்காவிடம் பேசினார். அக்கா என்னை வீடியோ காலில் அழைத்தார். என்ன வேலை, எத்தனை நாள், தனியாகவா, மீன் சாப்பிடுவீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். எங்கள் எல்லையோர ஊர்களில் மலையாளம் பேச்சோடு கலந்தது என்பதால் தயங்காமல் பேசினேன். பத்து நிமிடத்தில் "வா" என்றுவிட்டார். இணையதளம், கட்டணம், படிவம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆள் இல்லாமல் நான் போன வழியில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. போக நினைக்கிறவர்கள் முதலில் அதைத் தேடுங்கள்.

அடுத்தது காவல்துறைச் சான்று. ஆன்லைனில் விண்ணப்பித்த பிறகு நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்காரர் எங்கே?" வளைகுடாவில். "அவர் சம்மதிச்சாரா?" அவருக்குத் தெரியும். "தனியாப் போய் அங்க என்ன செய்யப் போறீங்க?" அப்பா பார்த்த வெளிச்சத்தைப் பக்கத்தில் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. ஊர் பார்க்க என்றேன். கணவரிடம் போனில் பேசிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. தனியாகப் போகும் ஓர் ஆணிடம் மனைவி சம்மதித்தாளா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு வலித்தது.

அதன்பின் பெரிய சிக்கல் பெயரில் வந்தது. நம் ஊரில் இது எல்லோருக்கும் வரக்கூடியது, அதனால் விவரமாகவே சொல்கிறேன். என் ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. பள்ளி அடையாள அட்டையிலும் சான்றிதழ்களிலும் அப்பா பெயரின் முதலெழுத்து. காவல்துறைச் சான்றுக்கு எழுதும்போது பழக்கத்தில் அப்பா எழுத்தைப் போட்டுவிட்டேன், அனுமதி விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ளபடி போட்டேன். மூன்று வாரம் கழித்து, இரண்டும் ஒரே ஆள் என்று தெரியவில்லை எனத் திரும்பி வந்தது. திருத்திய சான்று வாங்க மறுபடி அலைந்தேன். அதற்குள் அக்கா எழுதித் தந்த உறுதிமொழியில் இருந்த தேதி தாண்டிவிட்டது. பாவம், அவரும் மறுபடி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். ஆகவே எந்தப் படிவத்தைத் தொடும் முன்னாலும் ஆதாரை மேசையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற எழுத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள். முதலெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதுகூட முக்கியம்.

ஏப்ரல் முதல் வாரம் அனுமதி வந்தது. பதினைந்து நாள். கப்பல் டிக்கெட்டுக்குத் தனியாக ஒரு காத்திருப்பு. தீவு மக்களுக்கு அந்தக் கப்பல்தான் பஸ், ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் அவர்கள் அதில்தான் வந்து போக வேண்டும். அதனால் இடம் சட்டென்று தீர்ந்துவிடுகிறது. முதல் கப்பலில் கிடைக்கவில்லை, அடுத்ததில் பங்க் வகுப்பில் கிடைத்தது. கடல் கொந்தளித்தால் புறப்பாடு மாறும். மே நடுவுக்குமேல் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கிவிடும், விளையாட முடியாது. கொச்சியில் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த இரண்டு நாள் தோப்பும்படியில் கழிந்தது. குழித்துறையில் ரயிலேறி எர்ணாகுளத்தில் இறங்கியபோது கப்பல் தள்ளிப்போன செய்தி காத்திருந்தது. துறைமுகத்துக்குப் போனேன். எங்கள் ஊர் போட்டுகள் வரிசையாகக் கிடந்தன, தூண்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் தெரிந்த முகம். "டீச்சரே, நீங்க எங்க இங்க?" சொன்னேன். அப்பாவோடு ஓடிய ஒரு மாமா எழுந்து நின்று, "அண்ணனுக்க மவ மினிக்காயில எறங்கப் போறாளா?" என்றார். அதில் இருந்த பெருமையை நான் எதிர்பார்க்கவில்லை. தன் பையிலிருந்து சுக்கும் எலுமிச்சையும் எடுத்துத் தந்தார், வாந்தி வந்தால் முகர்ந்துகொள்ள.

கொச்சித் துறைமுகம் இருக்கும் வெலிங்டன் தீவில் கப்பலேறினேன். கொச்சியிலிருந்து மினிக்காய் 398 கிலோமீட்டர். நேராகப் போகும் கப்பல் என்றால் ஓர் இரவு. துறைமுக வாயைத் தாண்டியதும் கப்பல் மெல்ல ஆடத் தொடங்கியது. எலுமிச்சையை நான் முகரவே வேண்டியிருக்கவில்லை. மேல்தளத்தில் போய் நின்றேன். இருட்டில் தூரத்தில் மீன்பிடி விளக்குகள் ஒன்றிரண்டு. நாற்பது வருடம் அப்பா இந்த இருட்டில்தான் இருந்திருக்கிறார், நாங்கள் கரையில் சிலுவை நிற்கும் குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருந்திருக்கிறோம். இரவு முழுக்கத் தூங்கவில்லை. விடியும் முன்னால், கீழ்வானம் வெளுப்பதற்குள், முன்பக்கம் அந்த வெளிச்சம் ஒரு தடவை வந்து போனது. மறுபடி வந்தது. எண்ணிக்கொண்டே நின்றேன்.

இறங்கியதும் காவல் நிலையத்தில் அனுமதிச் சீட்டைக் காட்டிப் பதிய வேண்டும். அக்கா கூடவே வந்தார். அவருக்கு ஒரு குலை மட்டிப்பழம் கொண்டு போயிருந்தேன். ரயில், காத்திருப்பு, கப்பல் என்று பாதி கறுத்துவிட்டது, மீதியைக் குழந்தைகள் வாசலிலேயே தீர்த்துவிட்டார்கள்.

மினிக்காய் பிறை வடிவில் கிடக்கிறது. நீளம் சுமார் 10 கிலோமீட்டர், அகலம் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 9 பாகைக் கால்வாய் இதை மற்ற லட்சத்தீவுகளிலிருந்து பிரிக்கிறது, 8 பாகைக் கால்வாய் தெற்கே மாலத்தீவிலிருந்து பிரிக்கிறது. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட வரிகள். ஊர்க்காரர்கள் தீவை மலிக்கு என்கிறார்கள். பேசுவது மஹல், மாலத்தீவு மொழியோடு சேர்ந்தது, எழுத்து வலமிருந்து இடம். ஆனால் படகுக்கு அவர்கள் சொல்லும் சொல் தோணி! கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்கு ஆண் தலைவர் ஒருவர் இருப்பதுபோலப் பெண் தலைவரும் உண்டு. ஆண்கள் வருடக்கணக்கில் கப்பலில் இருக்கும் ஊரில் பெண்கள்தானே எல்லாம் நடத்த வேண்டும்? எங்கள் ஊரிலும் நடத்துவது பெண்கள்தான், பெயர்தான் கிடையாது.

நம் ஊர்க் கடையில் வாங்கும் மாசிக் கருவாடு செய்யும் இடத்தை அங்கே பார்த்தேன். உயிருள்ள சின்ன மீனைக் கடலில் வீசி, தண்ணீரைத் தெளித்துச் சலசலக்க வைத்து, கூட்டமாக எழும் சூரையைத் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் படகுக்குள் போடுகிறார்கள். அப்புறம் அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்துக் கல் மாதிரி ஆக்குகிறார்கள். மைல் கணக்கில் தூண்டில் விரித்துவிட்டு இரவெல்லாம் காத்திருந்த அப்பாவுக்கு இதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்.

பாய்மரம் என் தனி ஆசை. அப்பா தொழில் பழகியது பாய் கட்டிய கட்டுமரத்தில். நான் பிறந்து விவரம் தெரிவதற்குள் எஞ்சின் வந்துவிட்டது. அக்காவின் மாமனார், எழுபதைத் தாண்டியவர், நான் கேட்டதற்காக ஒரு சின்னத் தோணியில் பாய் கட்டினார். மேற்கே இருக்கும் காயலில், பச்சைத் தண்ணீரில், காற்று ஒரு பக்கமாக வந்து துணியை நிரப்பியதும் தோணி சாய்ந்து நகர்ந்தது. சத்தமே இல்லை. அடியில் தண்ணீர் கிழியும் மெல்லிய ஒலி மட்டும். கயிற்றை என் கையில் தந்து, இறுக்கு, விடு என்று சைகை காட்டினார். காற்று கயிறு வழியாக உள்ளங்கைக்கு வந்து பேசியது. ஒரு மணி நேரம் ஓட்டினேன். நாற்பத்துமூன்று வயதுவரை இதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேனே என்று இருந்தது.

இங்கேயே ஒரு வீடு என்று கேட்டும் பார்த்தேன். வெளியார் நிலம் வாங்கிக் குடியேற வழியில்லை. பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இத்தனை ஒடுங்கிய மண்ணில் அது நியாயம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆசை வேறு, நியாயம் வேறு. பதினைந்து நாளும் அக்கா வீட்டுக் கிணற்றடியில் துணி துவைத்தேன், தேங்காய் துருவினேன், கிழக்குச் சன்னல் ஓரம் தூங்கினேன்.

1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறினேன். தென்னந்தோப்பு, காயல், வெள்ளை நுரை, அதற்கப்பால் நீலம். அங்கிருந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன், படம் உறைந்து உறைந்து வந்தது.

வீட்டுக்கு வந்த அன்று அப்பா முதலில் கேட்டது, "கெணத்துத் தண்ணி எப்படி மக்களே?" ஆழமே இல்லை, குனிந்தால் கைக்கு எட்டும், உப்பு இல்லை என்றேன். தலையாட்டினார். தெரு எத்தனை அகலம், படகை எங்கே ஏற்றுகிறார்கள், தொழிலுக்கு எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று இரவு பத்து மணி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "வயசானவங்களுக்கும் அந்தச் சீட்டு தருவாங்களா?" என்றார்.

அவருடைய ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் வேறு மாதிரி. திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறோம். அக்கா உறுதிமொழியில் தேதியை மட்டும் காலியாக விட்டு எழுதி வைத்திருக்கிறார்.