முக்கால் லிட்டர்

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் நாள். இந்த நாற்பது நாட்களுக்கு யார் எதை விடப்போகிறார்கள் என்பதுதான் சபையில் பேச்சு. ஒருவர் இறைச்சி, ஒருவர் காபி, பாடகர் குழுப் பெண் ஒருத்தி கைப்பேசி. என் வீட்டுக்காரர் தண்ணீரை விட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதற்கு யாரும் லெந்து என்று பெயர் வைக்கவில்லை.

சிறுநீரகம் வேலை செய்யாத அவருக்கு இன்று டயாலிசிஸ் நாளும்கூட. திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு முதல் பத்து வரை. ஒரு தடவைக்கு அந்த இயந்திரத்தின் வழியே ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனிதருக்கோ நாளொன்றுக்கு முக்கால் லிட்டர். காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதிலேயே அடக்கம்.

ஆண்டு பிறந்த இரவு ஆராதனையில் இவர் எடுத்த வாக்குத்தத்த அட்டை பீரோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது: “நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்.” அதைப் பார்க்கும்போதெல்லாம் இவர் சொல்வது ஒன்றுதான்: “கடக்கும்போது என்றுதான் இருக்கிறது. குடிக்கும்போது என்று இல்லை.”

மார்ச் 16, ஞாயிறு

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஜெபிக்க வந்தார்கள். கையில் நான்கு இளநீர். “விசுவாசத்தோடு குடியுங்கள் தம்பி, உடம்பு குளிரும்.” சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். இதை நான் சொன்னதும், “அப்படியெல்லாம் பயந்தால் விசுவாசம் எங்கே அம்மா?” என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. இவர் மட்டும் சிரித்துக்கொண்டே, “நீங்கள் குடியுங்கள் அக்கா, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றார். அக்கா ஒன்றைக் குடித்தார்கள். இவர் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தார்.

அவர்கள் போனபிறகு சமையலறையில் நின்று 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிற சங்கீதம். அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பதே அன்றைக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வெள்ளிக்குப் பிறகு திங்கள்வரை நீளுகிற இடைவெளிதான் எப்போதும் மோசம். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது. பவனிக்குப் போகவில்லை. ஒரு தம்பி ஓலைச் சிலுவை கொண்டுவந்து கொடுத்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

எடை மூன்றரை கிலோ கூடுதல், உடம்பில் தேங்கிய தண்ணீர். நர்ஸ் திட்டினாள். நியாயம்தான்.

வழியில் குடிநீர் லாரி நின்றது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து இறங்கிய சமயம், அயனாவரத்தில் எங்கள் மாடிக்கு ஒரு நாளைக்குப் பத்துக் குடம் தூக்கியவர் இவர். இன்று ஆட்டோவிலிருந்து இறங்க என் தோளைப் பிடித்தார். இதை எழுதும்போதுதான் அழுகை வந்தது, அங்கே வரவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைப் பற்றிப் பேசும்படி ஆயர் போன மாதமே இவரைக் கேட்டிருந்தார். முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். பெரிய வெள்ளி என்று இயந்திரம் விடுமுறை எடுக்காதே! பத்து மணிக்கு ஊசியை எடுத்து, கட்டுப் போட்டு, பன்னிரண்டுக்கு ஆலயத்தில் உட்கார்ந்துவிட்டோம். மின்விசிறிகள் அனல்காற்றைத்தான் கிளறின.

ஐந்தாவது வார்த்தை: “தாகமாயிருக்கிறேன்.” நான்கு நிமிடம்தான் பேசினார், பீடத்துக்கு ஏறாமல், முன் பெஞ்சைப் பிடித்தபடி. யோவான் சுவிசேஷத்தில் இயேசு தண்ணீர் கேட்பது இது முதல் தடவை இல்லை என்றார். நான்காம் அதிகாரத்தில், நடுப்பகலில், கிணற்றடியில், முன்பின் அறியாத சமாரியப் பெண்ணிடம் கேட்டார். இங்கே ஆணியடித்த சேவகர்கள் காதில் விழும்படி கேட்கிறார். கிடைத்தது புளித்த காடி. “எனக்குத் தாகமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நான்தான் இத்தனை நாள் உங்களிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தாகமாக இருக்கிறது. ராத்திரி குழாய்ச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அதை அவரிடம் சொன்னால் அவருக்குப் புரியும். அதனால்தான் இன்னும் ஜெபிக்கிறேன்.”

எனக்கே தெரியாது, குழாய்ச் சத்தம். அது நான் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

உட்கார்ந்ததும் தலைசுற்றல். ஆயரம்மா விசிறினார்கள். மூன்று மணிவரை இருந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். கோபம் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

இனிமேல் பாத்திரங்களைப் பகலிலேயே கழுவிவிடுகிறேன்.

விடியற்கால ஆராதனைக்கு இவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டுக்கு மட்டும் எழுந்தார். இன்றும் அந்த நீண்ட இடைவெளிதான், கால் வீக்கம் அப்படியே இருக்கிறது.

முடிந்ததும் வேப்பமரத்தடியில் இளநீர் அக்கா காத்திருந்தார்கள். கையில் சிறிய பிளாஸ்க், உள்ளே ஐஸ் கட்டிகள்.

“தம்பி, இதுவும் கணக்கில் சேருமா?”

“சேரும் அக்கா. இரண்டு போதும்.”

ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இவர் கண்ணை மூடினார். நான் கைப்பையிலிருந்த அன்றைய பாட்டிலைத் திறந்து, மூடியால் அளந்து, இரண்டு ஐஸ் கட்டிக்கு உண்டான தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றினேன்.